டப்பாவுக்குள் பயில்வான் இல்லை!

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம். முன்பைவிட அதிக எடை தூக்குகிறேன். கை மட்டும் பருக்கவில்லையே?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: முதலில் தேறுவது நரம்பு மண்டலம். இருக்கிற தசை இழைகளையே கூடுதலாக வேலைக்கு இழுக்கக் கற்றுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதமாவது பிடிக்கும். அதுவரை கண்ணாடியை விடுங்கள். தூக்கிய எடையை நோட்டில் எழுதி வாருங்கள். அது பொய் சொல்லாது.

கேள்வி: புரோட்டீன் பவுடர் இல்லாமல் தசை வளருமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. எடைப்பயிற்சி செய்பவருக்குத் தினமும், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும். 60 கிலோ என்றால் 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் சுமார் 20. மீன், பால், பயறு சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். பவுடர் ஒரு வசதி, அவ்வளவுதான். டப்பா மேல் நிற்கும் பயில்வான் டப்பாவுக்குள் இல்லை!

கேள்வி: எடை தூக்கினால் பெண்களுக்கு ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடுமா?
- இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: பயம் வேண்டாம். பெண்களுக்கு டெஸ்டோஸ்டீரான் மிகக் குறைவு. ஏறுவது பலம்; உறுதியாவது எலும்பு. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் வேகம் கூடும் என்பதால், உங்களுக்குத்தான் இது மிக அவசியம்.

கேள்வி: பயிற்சியாளராக நல்ல உடம்பு போதுமா?
- இளைஞர், மதுரை

பதில்: உடம்பு வேலை வாங்கித் தரும், கண்ணும் காதும்தான் அதைக் காப்பாற்றும். வருபவரின் ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டுவலியை முதலில் கேளுங்கள். முதலுதவியும் சி.பி.ஆரும் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசியை யாருக்கும் கை காட்டாதீர்கள். அது இதயத்தையும் ஆண்மையையும் சேர்த்துக் கெடுக்கும். ‘இன்று போதும், ஓய்வெடு’ என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர்.