உப்பில்லாத கடல்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். கோடையில் வாரிக் குவித்த உப்பு பனையோலைக்கு அடியில் விலை ஏறட்டும் என்று காத்துக் கிடக்கும். உப்பளத்துக்காரர்களும் காத்துக் கிடப்பார்கள். அப்படிக் கிடப்பவர்களின் கண்ணில் வீடியோ கேம் படக் கூடாது என்பது என் கருத்து. பட்டுவிட்டது.

குற்றவாளி என் அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறான். தீபாவளி லீவுக்கு வந்தவன் லேப்டாப்பில் 'ஹாஃப்-லைஃப் 2' ஆடிக்கொண்டிருந்தான். 2004-ல் வந்த கேம், அவனைவிட மூத்தது. வேற்றுலகத்திலிருந்து வந்த கம்பைன் என்ற கூட்டம் ஏழே மணி நேரத்தில் பூமியைத் தோற்கடித்துவிடுகிறது. அதை எதிர்ப்பவர் கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியல் விஞ்ஞானி. கதையில் பாதியை வெளியே சொல்லாமல் விட்டிருப்பதுதான் இந்த கேமின் விசேஷம். சொல்லாத பாதியை நிரப்புகிறேன் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் இருபது வருடமாக ஆளுக்கொரு தியரி வைத்திருக்கிறார்கள்.

நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை 1950 முதல் 1954 வரை தொடர்கதையில் வாராவாரம் வளர்த்து, கடைசியில் பட்டும் படாமலும் விட்டுவிட்டுப் போனார் கல்கி. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரே வெட்டி வைத்திருக்கிறது. எங்கள் சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொருவர் மேல் சந்தேகம். யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

சித்தப்பா மீசை முளைத்த நாளிலிருந்து உப்பளத்தில் இருப்பவர். பையனுக்குப் பின்னால் வந்து நின்றவர், கடற்கரைச் சாலைக் காட்சி வந்ததும் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காட்சியில் படகுத்துறைகள் அந்தரத்தில் நிற்கும்; தண்ணீர் எங்கேயோ கீழே கிடக்கும். கடல் ஏன் இறங்கியது என்று கதையில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. கம்பைன் கூட்டம் கடலை உறிஞ்சுகிறது என்பதுதான் ரசிகர்கள் பொதுவாக ஒப்புக்கொண்ட தியரி.

"தண்ணி வத்திச்சின்னா உப்பு எங்கடா?" என்றார் சித்தப்பா.

பையன் கேமை நிறுத்தினான். சித்தப்பா ஆரம்பித்தார். கடல் தண்ணீர் வரும்போது அடர்த்தி மூணு டிகிரி, மூணரை டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் இறங்கும். 25 டிகிரியில் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் கசப்புத் தண்ணீர், திறந்து விட்டுவிட வேண்டும். கடல் பத்து மீட்டர் வற்றியிருந்தால் ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்டார். பையன் லிட்டருக்கு 35 கிராம் என்று போட்டுப் பார்த்து, 1,400 டன் என்றான். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ்ளோ சரக்கு ஒரே சீசன்ல இறங்குனா விலை என்னாவும்? அதான் ஏழு மணி நேரத்துல உலகம் படுத்துகிச்சி."

ஆனால் கரையில் வெள்ளையாக ஒரு பொட்டு இல்லை. மழையில் கரைந்திருக்கும் தாத்தா என்றான் பையன். "கரைஞ்சா கடலுக்குத்தானே போவும்?" அந்த நேரம் பார்த்துப் பையன் ஃப்ரீமேனைக் கடலில் இறக்கினான். இந்த கேமில் ஆழத்துக்கு நீந்தினால் அட்டைகள் மொய்த்துக் கொன்றுவிடும். கொன்றன. சித்தப்பா துள்ளி எழுந்தார். உப்பைத் தொட்டாலே சுருண்டு விழுகிற ஜீவன் அட்டை. அது கும்பலாகக் குடியிருக்கிறது என்றால் அது உப்புத் தண்ணீரே இல்லை. ஆக, வந்தவன் தண்ணீருக்காக வரவில்லை. உப்புக்காக வந்திருக்கிறான்.

கடலில் மீனைப் பிடித்துத் தொங்கும் அட்டை இனங்கள் நிஜமாகவே உண்டு என்று பையன் ஆதாரம் காட்டினான். "அது மீனைக் கடிக்குது. இது ஆளைக் கடிக்குதுல்ல?" என்று வழக்கு தள்ளுபடியானது.

அடுத்து ஃப்ரீமேன். அவர் கையில் கடப்பாரையோடு திரிவார், கேம் முழுக்க வாய் திறப்பதில்லை. ஏன் என்பதற்கு ரசிகர்களிடம் மனோதத்துவம்வரை விளக்கம் இருக்கிறது. அவர் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று பையன் சொல்ல, சித்தப்பா அதைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று எடுத்துக்கொண்டார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். "அங்க படிச்சிட்டு கையில கடப்பாரையா? அப்புறம் எப்படிப் பேச்சு வரும்?" இதுவரை நான் கேட்ட விளக்கங்களில் இதுதான் மனதுக்கு நெருக்கமானது.

கேமில் வரும் ஜி-மேன் விஷயத்தில்தான் சித்தப்பா என்னையும் அசைத்துவிட்டார். கோட்டு, சூட்டு, கையில் ஒரு பெட்டி. தூரத்தில் நிற்பான், டையைச் சரிசெய்வான், கிட்டப் போனால் இருக்க மாட்டான். எதிர்காலத்திலிருந்து வந்த ஃப்ரீமேனே அவன்தான் என்று ஒரு பிரபலமான தியரி உண்டு. சித்தப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசில வந்து என்னா சொல்றான்?" ஃப்ரீமேனின் சேவையைக் கேட்டு நல்ல நல்ல விலை வந்திருக்கிறது என்கிறான். அவனுக்கு மேலே முதலாளிகள் இருப்பதாகவும் பேச்சு.

"தரகன்" என்றார் சித்தப்பா. "கால்ல சேறு படாம வரப்புலேயே நிப்பான். வாருறது ஒருத்தன், விலை பேசுறது இவன்." யோசித்துப் பார்த்தால் காலப்பயணத்தைவிட இதற்குத்தான் கதைக்குள் சாட்சி அதிகம்.

கதையின் தொடர்ச்சியாக 2007-ல் வந்த 'எபிசோட் டூ' அந்தரத்தில் முடிந்தது, மூன்றாவது வரவேயில்லை. கதாசிரியர் மார்க் லெய்ட்லா வேலையை விட்டு விலகி, 2017-ல் ஆட்களின் பெயரையும் பாலினத்தையும் மாற்றி ஒரு கடிதம்போல மீதிக் கதையைச் சொன்னார். கேட்ட ரசிகர்கள் ஓய்ந்தார்களா என்றால், இல்லை. சித்தப்பாவும் அதை ஏற்கவில்லை. "வேலையை விட்டுப் போனவன் சொல்றது கணக்குல சேராது."

அவருக்கு இப்போது கவலை போரியாலிஸ் மேல். கட்டுந்துறையின் ஒரு பகுதியோடு சேர்ந்து கதையில் காணாமல் போன ஆராய்ச்சிக் கப்பல். மூன்றாவது பாகமே அதைத் தேடித்தான் போயிருக்க வேண்டும். உள்ளே லோடு என்ன என்று சித்தப்பா கேட்டதற்குப் பையனிடம் பதில் இல்லை. பதில் என்னவாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பாத்திக்காரரும் உப்புதான் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். மூட்டையா, லூஸா என்பதில்தான் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருக்கிறது.