கண்மூடியார் முதலிய அநாமதேயர்: குடும்ப ஆல்பம் குறித்து ஒரு பதிப்பியல் ஆய்வு

எந்தத் தமிழ்க் குடும்பத்தின் ஆல்பத்தைப் புரட்டினாலும் அதில் யாரென்றே தெரியாத ஒருவர் நின்றுகொண்டிருப்பார். இது இவ்வாய்வின் முதற்கோள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்படி யாரும் இல்லை என்பவர்கள் அதைக் கடைசிப் பக்கம் வரை பார்த்திராதவர்கள் எனக் கொள்க. தாலி கட்டும் படத்தில் மணமகளுக்கும் நாகஸ்வரக்காரருக்கும் நடுவே அவர் தலை நீட்டுவார். பந்திப் படத்தில் அப்பளத்தை உடைத்தபடி நிமிர்ந்து பார்ப்பார். குழுப் படத்தில், சொந்த மருமகனுக்கே கிடைக்காத நாற்காலியில், தாத்தாவுக்கு வலப்பக்கம் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருப்பார். கேட்டால், "உங்க அப்பா வழியில யாரோ" என்பார் அம்மா. "உங்கம்மா ஊர்க்காரர்" என்பார் அப்பா. இத்தனை காலமும் இரு தரப்பாரும் அவரை எதிர்த்தரப்பின் கணக்கில் எழுதிவந்திருப்பது இதனால் பெறப்படும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படிகள் எங்கள் வீட்டு இரும்பு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு கிடைத்தவை. காலத்தால் முந்தியது கறுப்புத்தாள் ஆல்பம். படத்தின் நான்கு மூலைக்கும் முக்கோண ஒட்டு. பக்கங்களுக்கு நடுவே சிலந்திவலைக் கோலம் பதித்த பட்டர் பேப்பர். பதிப்பாசிரியன் நம்பக்கூடிய படி இதுதான். படத்தைக் கழற்றலாம், பின்புறம் பார்க்கலாம், திரும்பச் செருகலாம்.

அடுத்து வந்தது ஒட்டும் ஆல்பம். அட்டையில் வரிவரியாகப் பசை, மேலே கண்ணாடித்தாள். படத்தை வைத்து மூடினால் வேலை முடிந்தது என்று வீடுகள் மயங்கின. இந்த மயக்கத்துக்கு மூதாதை மார்க் ட்வைன். முன்கூட்டியே பசை தடவிய, ஈரப்படுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப் புத்தகத்துக்கு அவர் 1873-இல் காப்புரிமை பெற்றார். நகைச்சுவை எழுத்தாளர் கண்டுபிடித்த பொருள் என்பதை நாம் சற்று யோசித்திருக்கலாம். ஆண்டுகள் போகப் போகப் பசை மஞ்சளித்துப் படத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அப்படிச் சிக்கிய படத்தை, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுக்கும்படி ஆவணக் காப்பாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் சித்தப்பா தோசைக்கரண்டியால் முயன்றார். அதன் பயனாக, ஒரு சீமந்தப் படத்தில் நலங்கு வைக்கும் அத்தனை பேரும் இருக்கிறார்கள். சீமந்தம் செய்துகொண்டவர் இல்லை.

அதற்கும் பின் வந்த, கணினியில் கோத்து அச்சிடும் கரிஷ்மா ஆல்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் மணமக்கள் பனிமலை முன் நிற்கிறார்கள். வந்தவர்கள் எல்லாம் தபால்தலை அளவில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறார்கள்.

படிகளின் சிதைவு தனி இயல். எழுபது, எண்பதுகளின் வண்ணப்படங்கள் பல இன்று ஒரே சிவப்பாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். வண்ணப்படம் சியான், மெஜந்தா, மஞ்சள் என்னும் மூன்று சாயங்களால் ஆனது. அக்காலத் தாள்கள் பலவற்றில், பீரோ இருட்டில் பத்திரமாக வைத்திருந்தாலும், முதலில் வெளிறியது சியான். அது போனதும் மாப்பிள்ளை, மேளக்காரர், வாசல் வாழைமரம் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமோ வெள்ளித் துகளால் ஆனது. ஆகவே வேட்டி மடிப்பு தெரியும்படி தாத்தா இன்னும் கருக்காக இருக்கிறார், பேரன் கரைந்துகொண்டிருக்கிறான். இருவருக்கும் பொதுப்பகை கடலோர ஈரக்காற்று. படத்தின் மேற்பூச்சான ஜெலட்டினில் அது பூஞ்சையை வளர்க்கும். வெள்ளிமீன் பூச்சிக்கும் அந்த ஜெலட்டின் உணவு. அன்று ஏட்டுச்சுவடியை அரித்த இனம் இன்று ஆல்பத்தை அரிக்கிறது. சுவடி தேடி ஊர் ஊராக அலைய ஓர் உ.வே.சா. இருந்தார். ஆல்பத்துக்கு அப்படி எவரும் அலையப்போவதில்லை.

சிதையாத படத்திலும் ஆள் இன்னார் என்று தெரிவதில்லை; பெயர் எழுதிவைக்காதது நம் மரபோ என்று ஐயுறலாம். அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் கோயில் ஆடல்மகளிர் 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்ற விவரமும் கல்லில் இருக்கின்றன. அதே கோயிலுக்கு 1858-இல் கேப்டன் லின்னேயஸ் டிரைப் காமிராவோடு வந்தார். சென்னை அரசு அமர்த்திய புகைப்படக்காரர் அவர். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியிருக்கும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். புகைப்படமும் எழுத்தும் அவ்வளவு ஒட்டுறவாக இருந்தது தமிழ்நாட்டில் பிறகு அரிது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்ணின் வீட்டு வரிசை நமக்குத் தெரிகிறது. என் அத்தை கல்யாணத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை.

பெயர் தெரியாவிட்டால் செய்ய வேண்டியது என்ன? அதற்கும் முன்னோர் வழி காட்டியிருக்கிறார்கள். குறுந்தொகையில் பெயர் கிடைக்காத புலவர்களுக்கு அவரவர் பாட்டில் வரும் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எல்லாரும் அப்படிப் பெயர் பெற்றவர்கள். அவ்வழியே எங்கள் ஆல்பத்து அநாமதேயர்க்கும் பெயர் சூட்டலாயினேன். ஃபிளாஷ் அடித்தபோதெல்லாம் தவறாமல் இமை கொட்டியவர் கண்மூடியார். அட்சதை போடும் படத்தில் உடம்பை மேடைக்கும் முகத்தைச் சாப்பாட்டுக்கூடத்துக்கும் கொடுத்திருப்பவர் பந்திநோக்கினார். மண்டபத் தூணுக்குப் பின்னிருந்து கையும் கைக்கடிகாரமும் மட்டும் காட்டுபவர் தூண்மறைந்தார். இரவு வரவேற்பிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர் கூலிங்கிளாசார். கடைசியாக, குழவியேந்தினார் என்று ஓர் அம்மையார். கையில் குழந்தையை ஏந்தி, அதன் நெற்றிச் சாந்துப்பொட்டு கலையாமல் விரலால் மறைத்து, காமிராவைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறார். குழந்தை நான். அவர் யாரென்று வீட்டில் எவருக்கும் தெரியாது.

இனி உரை வேறுபாடுகள். கூலிங்கிளாசாரைப் பெரியம்மா, தென்காசிப் பக்கத்து ஒன்றுவிட்ட மாமா என்று கொள்வார். அத்தை அதை மறுத்து, பாத்திரக்கடை பாக்கி கேட்க வந்தவர் என்பார். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்ற ஓரிடத்தில் மட்டும் இரு உரைகளும் ஒத்துப்போகின்றன. இந்த உரையாசிரியர்களோடு பல மாலைகள் உட்கார்ந்ததில் ஒரு விதி தெளிந்தது: உறவினர் நினைவில் ஒரு பெயர் நிலைப்பது பாசத்தால் அன்று, மனத்தாங்கலால். பாயசத்தில் குறை சொன்னவர், சம்பந்தி மரியாதை போதவில்லை என்று துண்டை உதறியவர், இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பித் தராதவர் எல்லோரும் இனிஷியலோடு வருகிறார்கள். விடியுமுன் வந்து தேங்காய் துருவி, எவரோடும் சண்டை போடாமல் மாலை பஸ்ஸில் ஊர் திரும்பியவர்தான் அநாமதேயர் ஆகிறார்.

அவர் முக்கியமற்றவர் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. பொருளாதாரச் சான்று எதிராக இருக்கிறது. அன்று பல வீடுகளில் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. அதில் போடும் 120 சுருளுக்கு 12 படம்தான். சுருளுக்குக் காசு, கழுவக் காசு, பிரதிக்குக் காசு. பன்னிரண்டில் ஒன்றைக் குழவியேந்தினாருக்குச் செலவிட ஒருவர் மனம் வைத்தார் என்றால், அன்று அந்த அம்மையாரின் பெயர் வீட்டில் எல்லார் வாயிலும் புழங்கியிருக்க வேண்டும். படத்தின் பின்னால் எழுதாமல் விட்டதற்குக் காரணமும் அதுவே. இவரைப் போய் யாருக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

நம் வீடுகளில் படத்தோடு பெயர் முறையாக எழுதப்படுவது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில். குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் ஸ்டுடியோக்காரர் பெருக்கி, இல்லாத கோட்டு ஒன்றை வரைந்து மாட்டி, சட்டம் போட்டுத் தருவார். கீழே பெயர், தோற்றம், மறைவு. மேலே சின்ன விளக்கு. ஒருவர் இன்னார் என்று எழுத்தில் நிறுவ நாம் அவர் சாவை எதிர்பார்த்திருக்கிறோம். ஆல்பத்தில் அவர் இருந்த இடத்தில் மூலை ஒட்டு நான்கும் வெறுமனே நிற்கும். படம் திரும்பி வருவதில்லை.

செல்போன் வந்த பின் இந்தச் சிக்கல் தீர்ந்தது என்பாரும் உளர். அவர் கூற்று பொருந்தாது. இப்போது பன்னிரண்டுக்குப் பதில் பன்னிரண்டாயிரம் படங்கள். முகங்களைத் தானாகப் பிரித்து அடுக்கும் செயலி, இவரும் அவரும் ஒருவர்தானா என்று நம்மைக் கேட்கிறது. நாம் பெரியம்மாவைக் கேட்ட கேள்வி அது. எடுத்த நாளும் நேரமும் படக் கோப்பிலேயே பதிந்திருப்பது உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது அது கழன்றுவிடுகிறது. குடும்பக் குழுவில் சுற்றிவரும் படம் பின்புறம் இல்லாத படம்.

ஆகவே வாசகருக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கையில் ஆல்பத்தை இறக்குங்கள். அவருக்குக் கண்புரை என்றால் அறுவை முடிந்த மறுமாதமே இறக்குங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சமதளத்தில் கவிழ்த்து, மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். வண்ணப்படத்தின் முதுகு பிளாஸ்டிக் பூச்சு என்பதால் பென்சில் பிடிக்காது. அதற்கென விற்கும் பேனாவால் எழுதி, மை காய்ந்த பிறகே அடுக்குங்கள். பெயர், ஊர், ஆண்டு, என்ன விசேஷம் என்று நான்கும் வேண்டும். "மாமா" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். யாருக்கு மாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.