ஃபிரிட்ஜ் கதவுக் காந்தமும் ஈதர்ச் சுழல்களும்: ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுப் பொருள்

ஃபிரிட்ஜ் கதவில் கரண்ட் பில்லைக் கவ்விக்கொண்டிருக்கும் காந்தம் ஏன் கீழே விழுவதில்லை? எலக்ட்ரானின் தற்சுழற்சியே காரணம் என்கிறார்கள் குவாண்டம் இயற்பியலார். எலக்ட்ரான் உண்மையில் சுழலவில்லை என்று அடுத்த வரியிலேயே சொல்கிறார்கள். சுழலாததன் சுழற்சியை ஏற்பவர்கள், வெளியெங்கும் நிறைந்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஈதர் என்ற நுண்பொருளை மட்டும் ஏற்க மறுப்பது ஓரவஞ்சனை.

2. முன்னோர் துணிபு

காந்தக் கல்லுக்கு உயிர் உண்டு என்றார் கிரேக்கத்துத் தேல்ஸ். 1644இல் ரெனே தெகார்த் இதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெளியெங்கும் நுண்பொருள் நிறைந்திருக்கிறது. அதில் மரையுள்ள துகள்கள் உண்டு. காந்தத்தின் துளைகளிலும் அதற்கேற்ற மரை உண்டு. வலமரைத் துகள் ஒரு முனை வழியாகவும் இடமரைத் துகள் மறுமுனை வழியாகவும் நுழையும். அவை இடையிலுள்ள காற்றை விரட்ட, பின்னாலுள்ள காற்று இரும்பைக் காந்தத்தோடு தள்ளிச் சேர்க்கும்.

1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் ஈதர் முழுவதையும் சுழல்களால் நிரப்பினார். அடுத்தடுத்த சுழல்கள் உரசிக்கொள்ளாதிருக்க நடுவே குட்டிச் சக்கரங்களை வைத்தார். ஒளியும் ஈதரின் அலைதான் என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுசேர்த்தவை அவையே. 1865 கட்டுரையில் அச்சக்கரங்களைக் காணோம். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

3. அடுக்களைச் சோதனைகள்

அ. ஒரு தாள்: நிற்கிறது. மூன்று தாள்: சறுக்குகிறது. கல்யாணப் பத்திரிகை: தரையில் கிடக்கிறது. தூரம் கூடக் கூடக் காந்தப் புலம் மளமளவென்று குறைகிறது என்பார்கள். பத்திரிகையின் ஜரிகையில் ஈதர் சிக்கிக்கொள்கிறது என்பதே நம் துணிபு.

ஆ. விளம்பரத்துக்குத் தரும் ரப்பர்ப் பட்டைக் காந்தத்தின் படம் போட்ட பக்கம் கதவில் சரியாக ஒட்டாது. இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து ஒரு திசையில் இழுத்தால் தடக் தடக்கென்று துள்ளும். குறுக்கே திருப்பி இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முனைகள் வரிவரியாக மாறிவருமாறும், புலம் ஒரு பக்கமே குவியுமாறும் ஆலையில் காந்தமூட்டியிருக்கிறார்கள் என்று பொறியாளர்கள் விளக்குவார்கள். ஈதருக்குப் படம் பிடிக்காது என்பது அதைவிடச் சுருக்கமான விளக்கம்.

இ. பூண்டு பட்டால் காந்தம் வலுவிழக்கும் என்று பழைய ஐரோப்பாவில் நம்பினார்கள். பூண்டு தின்றுவிட்டுக் காந்தத்தின்மேல் ஏப்பம் விட்டாலும், பூண்டுச் சாற்றைப் பூசினாலும் ஒன்றும் ஆகவில்லை என்று 1589இல் நேப்பிள்ஸ் நகரத்து டெல்லா போர்ட்டா எழுதினார். நாமும் பூசிப் பார்த்தோம். காந்தம் அசையவில்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் அசைந்தார்கள்.

4. மறுப்பும் விடையும்

1887இல் கிளீவ்லாந்தில் மைக்கேல்சனும் மோர்லியும் ஈதரூடே பூமி செல்லும் வேகத்தை அளக்க முயன்றார்களே, எதிர்பார்த்தது எதுவும் கிட்டவில்லையே என்பர். விடை: ஈதர் பூமியோடு கூடவே நகர்கிறது. அப்படியானால் பூமி ஓடும் திசைக்கேற்ப விண்மீன்கள் இடம் விலகித் தெரிவது எப்படி? விடை: அப்போது ஈதர் நகர்வதில்லை.

ஒளி குறுக்கலையாதலால் ஈதர் மிக விறைப்பாக இருக்க வேண்டுமே, அதற்குள் கோள்கள் முட்டாமல் ஓடுவது எங்ஙனம் என்பாரும் உளர். ஒளிக்கு விறைப்பு, கோள்களுக்கு இளக்கம். ஆளுக்குத் தக்க நடப்பது பண்பாடு.

5. முடிவு

இரும்பு 770 பாகை செல்சியசில் காந்தத் தன்மையை இழக்கிறது. அது 77 பாகையாக இருந்திருந்தால் குவாண்டம் இயற்பியலார் கணக்கையெல்லாம் கலைத்துப்போட்டுத் திண்டாடியிருப்பார்கள். ஈதர்க் கோட்பாடு 770ஐயும் விளக்கும், 77ஐயும் விளக்கும், இரும்பு வாழ்நாள் முழுதும் காந்தமாகவே இருந்தாலும் விளக்கும். இப்படித் தோற்கவே முடியாத கோட்பாட்டைக் கைவிட்டு, ஒரே ஓர் அளவீட்டில் கவிழக்கூடிய ஒன்றை உலகம் ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்கு மட்டும் ஈதரிடம் இன்னும் விடை கிடைக்கவில்லை.