இரண்டு ஜிபியில் இல்லறம்: வன்னியம்பட்டிப் பழங்கணினிகள் குறித்து ஓர் ஆய்வு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டி வட்டாரத்தில், பீரோவுக்கு மேலே, கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கும் குக்கர் அட்டைப்பெட்டிக்கும் நடுவே படுத்திருக்கும் பழைய மடிக்கணினிகள் மீது ஆய்வுலகின் பார்வை இன்னும் விழவில்லை. பக்கத்து ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ராஜபாளையம் நாய்க்கு 2005-லேயே அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுவிட்டது. மடிக்கணினிக்குக் கிடைத்தது ஒரு பழைய துண்டு; அதுவும் தூசு படாமல் இருக்கப் போர்த்தியது. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் சான்றுப்பொருளின் பூர்வீகம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி பெற்றார்கள். தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. டெபியனை அடியாக வைத்து சிடாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. பொத்தானை அமுக்கினால் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். இந்தக் கேள்வியே பல வீடுகளில் வினையாயிற்று என்பது வாய்மொழி வரலாறு. “ரெண்டு கேக்குதுண்ணே, ஒண்ணை எடுத்துவிடுங்க” என்று பெட்டி பிரித்த சூட்டோடு பஜாருக்குத் தூக்கிப் போனார்கள். கடை அண்ணாச்சி எதை எடுத்துவிட்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நமது கருதுகோள் இது: லினக்ஸ் இவ்வூருக்கு விருந்தாளியாக வரவில்லை, துரத்திய வீட்டுக்கே திரும்பி வருகிறது.

திரும்பி வந்த காலத்துக்கும் கல்வெட்டுப்போல் தேதிகள் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8. ஏழாம் விண்டோஸுக்கு 2020 ஜனவரி 14. பத்தாம் விண்டோஸுக்கு 2025 அக்டோபர் 14. பதினொன்றாம் பதிப்போ குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இல்லாமல் வாசற்படி ஏறாது. நம் சான்றுப்பொருளில் இருப்பது 2 ஜிபி. அதிலும் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத காரணத்தால் திரைக்கென்று ஒரு பங்கை இயந்திரமே முன்னதாகப் பிடித்தம் செய்துகொள்ளும். சம்பளக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

இனிக் கருப்பொருள். தொல்காப்பிய மரபில் தெய்வம், உணவு, விலங்கு, மரம் எனத் தொடங்க வேண்டும். இங்கே பஞ்சு, ரப்பர், பேட்டரி என்று தொடங்குவோம். ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த கணினியைத் திறந்தால், விசிறிக்கும் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கும் இடையே பஞ்சும் தூசும் சேர்ந்து நாடாபோல் ஒரு துண்டு படிந்திருக்கும். இரு விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். அது இருக்கும்வரை காற்று வெளியேறாது, சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எந்த ஓஎஸ் போட்டாலும் கணினி ஊர்வதற்கு இதுவே பாதிக் காரணம் என்க. ரப்பர், பென்சில் எழுத்தை அழிப்பதற்கு. ரேமின் பொன்னிறப் பற்களை அதனால் தேய்த்துத் திரும்பச் செருகினால், ‘பீப், பீப்’ என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த இயந்திரம் பேசத் தொடங்குவது இவ்வட்டாரத்தில் பலர் கண்ட அற்புதம்.

மூன்றாவது, மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற காசளவு பேட்டரி. இதை ஆய்வாளர்கள் பெரிதும் அலட்சியப்படுத்துகிறார்கள். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் கணினியின் நாட்காட்டி பத்துப் பதினைந்து ஆண்டு பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும், ‘இதன் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகும் நாளே வரவில்லை’ என்று உலாவி மறுக்கும். லினக்ஸில் மென்பொருள் இறக்கும் ஆப்ட்டும் அதையே சொல்லும். நெட் போயிருச்சு என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவார்கள். குற்றம் காலத்தின் மேல்.

எந்த லினக்ஸ் என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. பப்பி லினக்ஸை ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் தொடங்கினார். அது பென் டிரைவிலிருந்து கிளம்பி, முழுவதும் ரேமுக்குள் ஏறிக்கொண்டு ஓடும். ஹார்ட் டிஸ்க் செத்த கணினிக்கும் பொருந்தும். ஆனால் அதன் சின்னத்துக்கு முன்மாதிரி அவருடைய சிவாவா நாய். கைக்குள் அடங்குகிற அந்தப் பிராணியை நாய் என்று ஒப்புக்கொள்ள ராஜபாளையத்தில் ஒரு தரப்பு இன்றளவும் மறுக்கிறது. லுபுண்டு பார்வைக்கு லட்சணம்; 2 ஜிபிக்குக் கொஞ்சம் இறுக்கம். ஆன்டிஎக்ஸ்தான் என் கட்சி. ஐஸ்டபிள்யூஎம் என்ற சன்னமான சாளர மேலாளரோடு அது எழுந்து உட்காரும்போது சுமார் 200 எம்பிதான் எடுக்கும். 32 பிட்டா 64 பிட்டா என்ற வழக்கும் உண்டு. உள்ளே 32 பிட் விண்டோஸ் இருந்ததாலேயே இயந்திரமும் 32 பிட் என்று நம்புவோர் பலர். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடித்தால் உண்மை தெரிந்துவிடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது என்பதால், இவ்வழக்கு வெறும் பட்டிமன்றப் பொருளும் அன்று.

நிறுவும் படலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதில் நடப்பது ஒன்றுமில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்க, கோடு மெல்ல நகரும். உரிப்பொருள் இருத்தல், எனவே முல்லைத்திணை. கோடு 93 விழுக்காட்டில் நின்றுவிட்டால் இரங்கல், அது நெய்தல். பக்கத்தில் கடலே இல்லாத ஊரில் நெய்தல் நிகழ்வதைத் திணை மயக்கம் என்று கொள்க. “இதைக் கட்டிக்கிட்டு அழுறதுக்குப் புதுசு வாங்கிருக்கலாம்” என்று அடுக்களையிலிருந்து வரும் குரல் மருதம்.

நிறுவிய பின் எழும் முதல் பீதி நினைவகக் கணக்கு. ஃப்ரீ என்று கட்டளை இட்டால் ‘ஃப்ரீ’ என்ற பத்தியில் 90 எம்பி நிற்கும். “மாப்ள, எல்லாத்தையும் இதுவே தின்னுட்டு ஒக்காந்திருக்கே?” என்பார் மாமா. “அத விடுங்க மாமா, கடைசி பத்தியப் பாருங்க.” அங்கே ‘அவைலபிள்’ என்று ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளும். யாராவது கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் ஆள் வராத நாற்காலியில் கைக்குட்டை போடுகிறவர்கள் இந்த நாகரிகத்தைக் கற்க வேண்டும். உண்மையாகவே இடம் போதாதபோது இசட்ரேம் உதவும். 2014-இல் கெர்னலுக்குள் முறையாகச் சேர்ந்த வசதி அது. ஓரத்தில் கிடக்கும் தரவை ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கும். ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் செய்வதை இதோடு ஒப்பிட்டால் முன்னது மாட்டுவண்டி.

இத்தனைக்கும் பிறகு மாமா பட்டா-சிட்டா பார்க்க உலாவியைத் திறக்கிறார். இங்கேதான் இவ்வாய்வின் உயிர்நிலை. ஓஎஸ் 200 எம்பியில் அடங்கி நடக்கிறது. அதன் மேல் ஏறி உட்காரும் ஒரே ஒரு செய்தித்தளம், விளம்பரமும் தானாக ஓடும் வீடியோவுமாகச் சேர்ந்து அதைவிட அதிகம் கேட்கிறது. 2012-இல் இதே கணினியில் இதே செய்தியை இதே மாமா படித்திருக்கிறார். பிராசஸர் அன்றைக்கு எவ்வளவு கூட்டிக் கழித்ததோ அதே அளவு இன்றைக்கும் செய்கிறது. பெருத்தது பக்கம், கிழடு என்று பெயர் வாங்கியது கணினி. விளம்பரத் தடுப்பானைப் போட்டதும் பாதி வயது குறைந்துவிடுவதே இதற்குச் சான்று. யூடியூபுக்கும் வழியுண்டு. அது அனுப்பும் விபி9 வகை வீடியோவை விரிக்கப் பழைய சில்லில் வன்பொருள் கிடையாது, எச்.264 மட்டும் வேண்டும் என்று கேட்கும் ஒரு சிறு நீட்சியைச் சேர்த்தால், 480பி-யில் பட்டிமன்றம் தடங்கலின்றி ஓடும்.

பட்டா வந்தது. மாமா அதை பிரிண்ட் போடச் சொன்னார். ஜெராக்ஸ் கடைதோறும் இருக்கும் அந்தச் சின்ன லேசர் பிரிண்டர்தான் வீட்டிலும் இருந்தது. அதற்கான லினக்ஸ் டிரைவர் தனியே ஒரு முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள் என்பதால், கோப்பை பென் டிரைவில் போட்டு விலக்கு ஸ்டாப்புக்கு நடந்தோம். பக்கத்துக்கு ஐந்து ரூபாய்.