தூரிகை கழுவும் டம்ளர்: ஓர் ஐந்திணை ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் வரைவோரிடையே நிலுவையிலுள்ள தலையாய வழக்கு, எண்ணெய்வண்ணம் உயர்ந்ததா நீர்வண்ணம் உயர்ந்ததா என்பது. மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் விடியற்காலையில் தொடங்கும் விசாரணை வெயில் ஏறும்வரை நடக்கும். கோபுரம் பென்சில் கோட்டோடு நின்றுவிடும். இத்தகைய பொருளைப் பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளாதது கருதியே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வின் நோக்கம், எல்லை, கருதுகோள், கருதுகோளின் எல்லை ஆகியவற்றை முதலில் நாற்பது பக்கம் எழுதுவது மரபு. தாள் விலை கருதி அவை விடப்பட்டன.

முன்னோடி ஆய்வாளர்களுள் மூத்தவர் இத்தாலியின் ஜார்ஜோ வசாரி. 1550இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில், எண்ணெய்வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் யான் வான் ஐக் என்று அவர் எழுதிவைத்தார். வான் ஐக் இறந்தது 1441. வசாரி பிறந்தது 1511. இடைப்பட்ட எழுபது ஆண்டை அவர் எப்படித் தாண்டினார் என்று கேட்பது அவையடக்கம் ஆகாது. ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டளவிலேயே உலரும் எண்ணெயைக் குழைத்துச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள் என்று 2008இல் ஆய்வகச் சோதனை காட்டியது. காட்டி என்ன பயன்? ஒருவரை மற்றவரும், அவரை மூன்றாமவரும், மூன்றாமவரைத் தம் இரண்டாம் பதிப்பில் முதலாமவரும் மேற்கோள் காட்டும் நல்வழக்கத்தால் வசாரியின் கூற்று எத்தனையோ பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இம்முறை நம்மூரிலும் நன்றாக வேர்பிடித்திருக்கிறது. எடுத்துக்காட்டுத் தர ஆசைதான். வாய்மொழித் தேர்வுக்கு அவர்களே வருவார்கள் என்பதால் அடக்கிக்கொள்கிறோம்.

நீர்வண்ணத்தாரின் மனத்தாங்கலும் பழையது. லண்டன் ராயல் அகாதெமியில் எண்ணெய்ப் படங்களுக்கே மரியாதை என்று கண்டு, 1804இல் தனிச்சங்கம் வைத்தார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் 1915இல், நாற்பது வயதில், தூரிகை பிடித்தவர், எண்ணெய்க் கட்சி. நீர்வண்ணத்தைக் குறைத்துப் பேசவில்லை என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க்கு ஈடில்லை என்று எழுதினார். தெப்பக்குளத்தில் இந்த நடை இன்றும் வழக்கில் உள்ளது.

இனி வகைப்பாடு. தமிழில் எதை ஆராய்ந்தாலும் ஐந்திணையில் அடக்கியாக வேண்டும். அடங்காதது ஆய்வுப் பொருளாகாது.

நீர்வண்ணம் குறிஞ்சி. என்னை? உரிப்பொருள் புணர்தல் ஆதலின். ஈரத்தாளில் நீலத்தையும் மஞ்சளையும் அருகருகே வைத்தால், பெற்றோர் சம்மதம் கேளாமல் இரண்டும் கலந்துவிடும். ஓவியர் செவிலித்தாய்போல் கைபிசைந்து நிற்பார். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் செம்மண்ணும் மழைநீரும் கலப்பது பர்ன்ட் சியன்னா பற்றிய குறிப்பே எனத் துணியலாம். அதை எழுதியவர் 300 ஜிஎஸ்எம் தாள் பயன்படுத்தினாரா என்பது மேலாய்வுக்குரியது.

எண்ணெய்வண்ணம் முல்லை, உரிப்பொருள் இருத்தல். ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாகிக் காய்வதன்று. காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலை வர நாள்கணக்கு. வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை பொறுக்க வேண்டும். தலைவி ஆற்றியிருந்தது ஒரு கார்காலம் மட்டுமே என்பதை ஒப்புநோக்குக.

அக்ரிலிக் பாலை, உரிப்பொருள் பிரிதல். இதன் பொழுது வேனில், நண்பகல். அக்னி நட்சத்திரத்தில் பேலட்டில் பிதுக்கிய வண்ணத்திலிருந்து நீர் பிரிந்துபோகும் வேகம், தூரிகை கேன்வாஸுக்குப் போகும் வேகத்தைவிட மிகுதி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், வாய்மொழி, மொட்டைமாடி).

போஸ்டர் கலர் மருதம், ஊடல். காய்ந்துவிட்டதே என்று நம்பி மேலே ஈரத்தூரிகை வைத்தால் அடியிலிருந்த நிறம் பழைய கதையைக் கிளப்பிக்கொண்டு எழுந்து வரும்.

பாஸ்டல் நெய்தல். உதிரும், இரங்க வேண்டியதுதான்.

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். வண்ணங்களை ஒப்பிடுவோர் ஒளி, விலை, ஆயுள் என்றெல்லாம் பேசுகிறார்களே அன்றி, தூரிகை கழுவும் கலத்தைக் கருதியவர் இலர். படத்தைப் பார்த்து இன்ன வண்ணம் என்று சொல்வது யார்க்கும் எளிது. டம்ளரைப் பார்த்துச் சொல்வதே புலமை.

நீர்வண்ணத்தார்க்கு இரண்டு டம்ளர் விதி. ஒன்று அழுக்குக் கழுவ. மற்றது நல்ல நீர் எடுக்க. இரண்டும் ஒரே நிறமாவது முதல் மரம் முடியுமுன் என்பர் ஒரு சாரார். வானம் முடியுமுன்னரே என்பர் மற்றொரு சாரார். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரீன் நீலமும் நீரில் சேர்ந்தால் வருவது ஒரு கனத்த பழுப்பு. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. விதியில் சொல்லப்படாத மூன்றாம் டம்ளர் ஒன்று உண்டு, அது காபி. ஓவியர் கண்ணைச் சுருக்கிக் கோபுரத்தின் நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டார் ஓசைப்படாமல் வலக்கைப் பக்கம் வைத்துவிட்டுப் போவது. அதில் தூரிகை தோய்வது ஊழ்.

இவ்வூழை விளக்குவதில் இரு பள்ளிகள் உள்ளன. தூரிகை காபியில் தோய்வதே முதன்மை நிகழ்வு என்பது தோய்த்தற்பள்ளி. அது சிறு பிழை, கழுவிய நீரை ஓவியர் எடுத்துக் குடிப்பதே ஆய்வுக்குரியது என்பது அருந்தற்பள்ளி. பின்னதற்கு வலுவான சான்று ஒன்று கிடைத்துள்ளது (மேற்படி வங்கி அலுவலர், மேற்படி மொட்டைமாடி, இரண்டாம் மிடறுக்குப் பின், ஒப்புநோக்குக: அவர் மனைவியாரின் மறுப்புரை, அடுக்களையிலிருந்து, குக்கரின் இரண்டாம் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே, மறுப்புரையின் பிற்பகுதி விசிலால் சிதைந்துள்ளது, எஞ்சிய பகுதியில் ‘முப்பது வருஷமா’ என்னும் தொடர் மட்டும் தெளிவாகக் கேட்கிறது, அத்தொடர் இடைச்செருகல் என்கிறார் அலுவலர், மூலபாடமே என்கிறார் மாமியார்).

தோய்த்தற்பள்ளியும் சும்மா இல்லை. மேற்படியாரின் தெப்பக்குளப் படத்தில் அடிவாரத்தில் காணும் பழுப்பை அவர் படித்துறை நிழல் என்கிறார். பர்ன்ட் அம்பர் என்கிறது அருந்தற்பள்ளி. மறுநாள் காலை அப்பகுதியில் மட்டும் எறும்பு மொய்த்திருந்தமையால் அது காபியே என்றும், சர்க்கரை சற்றுத் தூக்கல் என்றும் தோய்த்தற்பள்ளியார் துணிந்தனர். அருந்தற்பள்ளி விடவில்லை: சில நீர்வண்ணங்களில் குழைவுக்காகத் தேன் சேர்ப்பதுண்டு, ஆகவே எறும்பு முடிந்த சான்றாகாது. இதற்குத் தோய்த்தற்பள்ளியின் மறுமொழி அச்சில் உள்ளது. எறும்பு இன்னும் தாளில் உள்ளது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியம் ஈரச் சுண்ணத்தில் தீட்டியதா உலர்ந்த சுவரில் தீட்டியதா என்னும் கேள்வி எழுந்தபோது, 1930களில் எஸ். பரமசிவன் என்னும் வேதியியலார் சுவர்ப்பூச்சையே சோதித்து, ஈரச் சுண்ண ஓவியம்தான் என்று சொன்னார். பொருளைச் சோதித்துவிட்டுப் பேசும் இம்முறை கருத்தரங்குகளுக்கு ஒவ்வாதது. இரண்டு சோதனையில் எல்லாம் முடிந்துவிட்டால் மூன்றாம் நாள் அமர்வில் என்ன செய்வது? நாங்கள் எதையும் சோதிக்கவில்லை. சோதித்தது எறும்பு மட்டுமே.

எண்ணெய்க்காரரின் கலம் டம்ளர் அன்று. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே டர்பன்டைன். தூரிகை கழுவி இரண்டு நாள் அசையாமல் வைத்தால் நிறமெல்லாம் சேறாய் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்துவார்கள். வாடை தெரு முனையிலேயே அறிவித்துவிடுவதால் அருந்தற்பிழை நிகழ்வதில்லை. எண்ணெய்வண்ணமே உயர்ந்தது என்பதற்குத் தெப்பக்குளம் இதுவரை தந்துள்ள வாதங்களுள் உருப்படியானது இது ஒன்றுதான். அதை அவர்கள் சொல்வதே இல்லை.

அக்ரிலிக்காரரின் டம்ளரில் தூரிகை நிற்கும். நீர் வற்றிய பிறகும் நிற்கும்.

ஐந்திணைக்குப் புறம்பான இரண்டையும் சொல்லி முடிக்கலாம். எண்ணெய்வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசுவது பெருந்திணை. ஒட்டாது, நாளடைவில் உரிந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் பூசலாம், சம்பந்திகள் ஒத்துப்போவார்கள். விலையுயர்ந்த வண்ணப்பெட்டியை வாங்கி, ட்யூபின் மூடியைக்கூடத் திருகாமல், அலமாரியில் வைத்து அவ்வப்போது திறந்து பார்ப்பது கைக்கிளை. ஜான் காஃப் ராண்ட் 1841இல் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்றது வண்ணம் காயாமல் இருக்கவே. பெட்டி வைத்திருப்போர் அவர் வாக்கைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இரண்டாம் பாகம் தூரிகை துடைக்கும் துணி பற்றியது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும். ஆகவே விரித்துக் காயப்போட வேண்டும். ஆய்வுக்கான மூலப்படி ஒன்று, மாமனாரின் எட்டு முழ வேட்டியில் கரையோடு கூடிய ஒன்றரை முழம், எங்கள் வசம் உள்ளது. விரித்துக் காயப்போட்டால் அவர் கண்ணில் படும் என்பதால் நூல் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டுள்ளது.