பாயிண்ட் எட்டுப் பொருத்தம்

ஏண்டா பேராண்டி, பொங்கல் கோலப்போட்டிக்கு என்னையும் ரிட்டையர்டு வாத்தியாரையும் நடுவரா உக்கார வச்சுட்டு, கடைசில எங்களுக்கே பொருத்தம் பாத்தியாமே? தர ஒட்டுறவுக் கெழு 0.8-ன்னு தெருவெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியிற. உக்காரு ராசா. கிழவன் படிக்காதவந்தான். நீ உன் அத்தை மகளுக்கு ஃபோன்ல இந்தப் பாடத்தை நடத்துனப்போ திண்ணையில தூங்குற மாதிரிப் படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

வாத்தியார் தலைவர் வீட்டுக் கோலத்துக்கு நூத்துக்கு நூறு போட்டாரு. மத்த நாலு கோலமும் முப்பதைத் தாண்டல. மார்க்கை வச்சுக் கணக்குப் போட்டா அந்த ஒத்தைக் கோலமே மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிரும். நீ மார்க்கை ஒதுக்கிட்டு முதலு, ரெண்டாவதுன்னு வரிசையை மட்டும் எடுத்த பாரு, அது புத்தி. 1904-ல இந்த வித்தையைச் சொன்ன ஸ்பியர்மேன், அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் பட்டாளத்துல இருந்தவராமே. வரிசையில நிறுத்துறதுக்குச் சொல்லியா குடுக்கணும்!

என் முதலு அவருக்கு ரெண்டாவது, என் ரெண்டாவது அவருக்கு முதலு. மூணாவதுல சண்டையில்ல. நாலும் அஞ்சும் இடம் மாறிக் கெடக்கு. வித்தியாசத்தை அப்படியே கூட்டுனா ப்ளஸ்ஸும் மைனஸும் அடிபட்டுச் சைபர் வரும். நானும் வாத்தியாரும் சண்டையே போடாத மாதிரி! அதான் ஒவ்வொண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டுறது: நாலு. அதை ஆறால பெருக்கினா 24. கீழ, அஞ்சோட வர்க்கத்துல ஒண்ணு கொறச்சு, அஞ்சால பெருக்கினா 120. வகுத்து, ஒண்ணுல கழி. 0.8 சரிதான்.

1938-ல கெண்டல் சொன்ன வழியில சோடி சோடியாப் பாத்தா என்ன வரும்? பத்துச் சோடியில எட்டு ஒத்துப்போகுது, ரெண்டு முட்டுது. எட்டுல ரெண்டைக் கழிச்சுப் பத்தால வகுத்தா 0.6 தான். நீ எதுக்கு ஸ்பியர்மேன் காலைப் புடிச்சேன்னு தெரியாமயா இருக்கேன்?

இன்னொண்ணு கேளு. அஞ்சு கோலத்தை 120 விதமா வரிசைப்படுத்தலாம். வாத்தியார் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சீட்டுக் குலுக்கியிருந்தாலும், அதுல 8 விதம் 0.8-ஐத் தொடும், இல்ல தாண்டும். பதினஞ்சுக்கு ஒண்ணு. இதை நம்பி எங்களுக்குப் பொருத்தம் பேசுறியே!

அடுத்த வருசம் முப்பது வாசலாவது சேத்துக்கிட்டு வா. அதுவரைக்கும் எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரே ரசனைன்னு வெளியில சொல்லித் தொலைக்காத.