வலஞ்சுழியார்

சியாட்டில் பக்கம் நவராத்திரிக் கொலுவுக்கு நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினால், பெண்கள் பொம்மையைப் பார்ப்பார்கள், ஆண்கள் செல்போனைப் பார்ப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் சுண்டல் கிண்ணத்தோடு தெற்கு சன்னல் ஓரமாக நிற்பார். வானம் தெளிந்திருந்தால் அங்கே ரெய்னியர் மலை தெரியும். 14,410 அடி, கோடையிலும் கரையாத பனி. மேகம் விலகி அது கண்ணில் படும் நாளில் "மலை வெளியே வந்திருக்கிறது" என்பது இந்த ஊர் வழக்கு. அவரும் அதைச் சொல்வார். சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்.

அப்போது "அதுல ஏறியிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நான் கேட்டேன்.

"ஏறுறதா? எதுக்கு? ஏறினா இறங்கணும். நாம சுத்தினவங்க சார்."

அன்றிலிருந்து அவருக்கு என் மனத்தில் வலஞ்சுழியார் என்று பெயர். அவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். மென்பொருள் வேலை, நாற்பத்தைந்து வயது, வீட்டுக் கடன் பாதி அடைந்திருக்கும், டாக்டர் ஒருமுறை கொழுப்பைப் பற்றிப் பேசியிருப்பார். அந்த நேரத்தில்தான் ஒரு மனிதன் காட்டுக்குள் போகிறான். அதிலும் சிலர்தான் வட்டமாகப் போகிறார்கள்.

மலை நடையில் அவர் ஒரு வருணாசிரமம் வைத்திருக்கிறார். அடியில் இருப்பவர்கள் போன வழியே திரும்பி வருகிறவர்கள். அதற்கு மேலே, ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறிக்கொள்பவர்கள். ஆனால் இவர்களுக்கு இரண்டு கார் வேண்டும் அல்லது நல்ல மைத்துனன் வேண்டும். உச்சாணியில், புறப்பட்ட இடத்துக்கே புது வழியாக வந்து சேரும் லூப் நடைக்காரர்கள். "வந்த வழியே திரும்பினா பாதிக் காடுதான் சார் பாக்கறோம். அதே மரத்தை ரெண்டாவது தரம் பாக்க நான் என்ன வாட்ச்மேனா?"

இந்தக் கொள்கை காட்டோடு நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். காஸ்ட்கோவில் பில் போடும் வரிசைக்கு வந்த பிறகு மனைவிக்குத் தயிர் ஞாபகம் வந்தால், இவர் வண்டியைத் திருப்ப மாட்டார். டயர், தொலைக்காட்சி, உறைந்த சால்மன் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தயிருக்குப் போவார். வாக்கிங் போகிற நாய்கூட இவர் இழுக்கிற இழுப்பில் வட்டமடிக்கப் பழகிவிட்டது.

கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யனில் ரே லேக்ஸ் லூப் முடித்திருக்கிறார். 66 கிலோமீட்டர், நடுவில் கிட்டத்தட்ட 12,000 அடி உயரத்தில் கிளென் கணவாய். கொலராடோவில் மரூன் பெல்ஸ் சிகரங்களை ஒட்டி நாலு கணவாய் லூப். நாலுமே 12,000 அடிக்கு மேல், மூச்சு விடுவதற்கே பெர்மிட் வாங்க வேண்டியிருந்ததாம். ஒரேகானில் ஹூட் மலையைச் சுற்றும் டிம்பர்லைன் டிரெயில். இதெல்லாம் அவருக்கு மாதிரித் தேர்வு. பரீட்சை என்றால் அது சன்னலில் தெரிகிற ரெய்னியரைச் சுற்றும் வொண்டர்லேண்ட் டிரெயில்தான். 1915இல் சுற்று முழுமையான பாதை. 150 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். மலையிலிருந்து கையை விரித்தாற்போல இறங்கும் முகடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். ஏறியதை மட்டும் கூட்டினால் 22,000 அடிக்கு மேல் வரும்.

அதாவது மலையின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏறியும் உச்சியில் கால் வைக்கவில்லை. அந்தப் பாதையிலேயே உயரமான இடம் பேன்ஹேண்டில் கேப், சுமார் 6,800 அடி. ஊட்டி அதைவிட உயரம். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அடுத்த கொலுவுக்கும் சுண்டல் வேண்டுமே.

பாதை கடினம், அதைவிடக் கடினம் பெர்மிட். எந்த ராத்திரி எந்த முகாமில் படுப்போம் என்பதை முன்கூட்டியே சொல்லி, லாட்டரியில் பெயர் விழுந்து, முறை வரும்போது நாம் கேட்ட முகாமில் இடமும் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் தத்கால் டிக்கெட் எடுத்த கை என்பதால் அவர் கலங்கவில்லை. அலுவலக மீட்டிங்கில் "ப்ளான் பி இருக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "மிஸ்டிக் லேக் கிடைக்கலன்னா கிரானைட் க்ரீக்" என்று பதில் சொன்னாராம்.

பெர்மிட் கிடைத்த மறுநாள் வீட்டுக்கு ஒரு தராசு வந்தது. நகைக்கடையில் இருக்கிற மாதிரி, அரை கிராம் காட்டும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டினார். சட்டைகளில் லேபிள்களைக் கத்தரித்ததில் எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாமல் காட்டில் ஒரு நாள் முழுக்கக் கழுத்து நெரிந்தபடி நடந்திருக்கிறார். ஆனால் அரைக் கிலோ தக்காளித் தொக்கு மட்டும் தராசில் ஏறவே இல்லை. அது அம்மா போட்டது.

அந்த அம்மா அப்போது இங்கே வந்திருந்தார். திருவண்ணாமலைக்காரர், பௌர்ணமி தவறாமல் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவர். மகனுடைய சுற்றுக்கு அர்த்தம் இருக்கிறது என்று அந்த வீட்டில் நம்பிய ஒரே ஜீவன். மருமகள் "மேலயும் போகாம, ஊருக்கும் போகாம, எதுக்கு?" என்று கேட்டபோது, "மலைன்னா சுத்தத்தான் செய்வாங்க" என்று முடித்துவிட்டார். மகனிடம் அவர் கேட்டது இரண்டே கேள்விதான்.

"வலமாத்தானே போற?"

"ஆமாம்மா. இங்க நிறையப் பேர் அப்படித்தான் போறாங்க."

"செருப்பு போட்டுக்கிட்டா சுத்தப் போற?"

250 டாலர் ஷூவை வலஞ்சுழியார் மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினாராம்.

பதினாறு வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் லாங்மயரிலிருந்து புறப்பட்டார். தொங்கு பாலத்தில் நடந்தது, மர்மாட் என்ற குண்டு அணில் இவர் உப்பு வேர்த்த பை வாரைக் கடித்தது, எதிர்ச்சுற்று வருகிறவர்களை இடஞ்சுழிக்காரர்கள் என்று பாவப்பட்டது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பதினொரு நாளில் ஏழு நாள் மூடுபனி. மலையையே சுற்றிக்கொண்டு மலையைப் பார்க்கவில்லை. "மூலவருக்குத் திரை போட்டிருந்தாங்க சார், அதுக்காகப் பிராகாரம் சுத்தாம வருவோமா?" என்பார். ஒரே மரத்தை இரண்டு தரம் பார்க்கப் பொறுக்காத மனிதர் இந்தக் கதையை எனக்கு ஆறு தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் லாங்மயரில் தொடங்கி, அதே மர்மாட் வழியாக, லாங்மயரில்தான் முடியும். முடிவில் காரின் மேல் கையை வைத்து நிற்கிற படத்தைக் காட்டுவார்.

அந்தப் படத்தில் கார் பூட்டியிருந்த விஷயத்தைப் பையன்தான் போன வாரம் சொன்னான்.

முகாம்களில் ராத்திரி கரடிக்கு மணக்கக்கூடிய எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. சாப்பாடு, பற்பசை, சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் பையில் கட்டி, உயரமான இரும்புக் கம்பத்தின் கொக்கியில் மாட்ட வேண்டும். அதற்கென்றே முருங்கைக்காய் பறிக்கிற துரட்டி மாதிரி ஒரு நீளக் கழி உண்டு. பாரடைஸ் ரிவர் முகாமில் கடைசி ராத்திரி. காலையில் சாப்பாட்டுப் பையை இறக்கினார்கள். பக்கத்துக் கொக்கியில் பற்பசைப் பை தொங்கியது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் நினைத்ததால் யாரும் அதைத் தேடவில்லை. தனிப் பை வைத்தால் எடை கூடும் என்று கார் சாவியும் அதற்குள்தான் இருந்தது.

லாங்மயர் வந்து, படம் எடுத்து, சட்டைப்பையைத் தடவியதும் அப்பா கொஞ்ச நேரம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தாராம். பிறகு ரேஞ்சரிடம் போய், அந்த முகாமுக்கு வந்த வழியை விட்டு வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார்.

"ரோடு கிட்டத்துலயே போகுதே. கார்ல போயிடலாம்" என்றாராம் ரேஞ்சர்.

பையன் வாசலில் உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டான். அப்பா ஆறு கிலோமீட்டர் திரும்பி நடந்தார். அதே மரங்கள், அதே பாலம். சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி அதே ஆறு.

"அப்போ மொத்தம் 162 ஆச்சே, அப்பா 150ன்னுதானே சொல்றார்?" என்றேன்.

பையன் சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வாட்சை நிறுத்திட்டுத்தான் அங்கிள் போனாரு."